அத்தியாயம் 4: வாங்கும் முன்பே வெளியேறும் வழி

மென்பொருள் விற்க வருபவர் முதலில் திறந்து காட்டுவது வண்ண வட்டங்களைத்தான். இன்று எத்தனை ஓபி, எவ்வளவு வசூல், எந்த மாத்திரை அதிகம் போயிருக்கிறது என்று திரையில் வரிசையாக வரும். பார்க்க நன்றாகவே இருக்கும். மாலையில் அறுபது எழுபது பேர் டோக்கனோடு காத்திருக்கும் மருத்துவருக்கு அந்த வட்டங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "மூன்று வருஷம் கழித்து நான் வேறு கம்பெனிக்கு மாறுகிறேன் என்று வையுங்கள். என் நோயாளிகளின் பதிவுகள் எந்த வடிவத்தில், எத்தனை நாளில், எவ்வளவு செலவில் என் கைக்கு வரும்?"

"அதெல்லாம் வராம என்ன சார், பாத்துக்கலாம்" என்பது பதிலாக இருந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஒன்று முதல் ஐந்து மருத்துவர்கள் வரை உள்ள கிளினிக்குகளை மனதில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. பெரிய மருத்துவமனைக்குத் தனி ஐடி பிரிவும் அதற்கொரு பொறுப்பாளரும் இருப்பார்கள். சிறு கிளினிக்கில் மருத்துவர்தான் முதலாளி, அவரேதான் ஐடி பிரிவு. பல இடங்களில் அந்த இரண்டாவது வேலை கடைசியில் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணின் தலையில் வந்து விழுகிறது.

பதிவு யாருடையது

மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட மின்னணு சுகாதாரப் பதிவுத் தரங்கள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. பதிவில் உள்ள தகவல் நோயாளிக்குச் சொந்தம். அது ஏறியிருக்கும் காகிதமோ கணினியோ மருத்துவமனைக்குச் சொந்தம். தகவலை நோயாளியின் சார்பில் பொறுப்பேற்றுக் காப்பதுதான் மருத்துவரின் வேலை. மென்பொருள் கம்பெனிக்கு இந்தக் கணக்கில் உரிமை எதுவும் கிடையாது. அது வாடகைக்கு இடம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. விரைவாகத் தேடி எடுக்கப் பதிவுகளைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்றுகூட அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றாண்டு என்பது குறைந்தபட்சம். போலீஸ் கேஸ் ஆன காயம், வழக்கில் இருக்கும் விவகாரம், குழந்தைகளின் பதிவு ஆகியவற்றை மூன்றாண்டு முடிந்ததென்று தூக்கிப் போட்டால் பிறகு கையில் ஆதாரம் இல்லாமல் நிற்க வேண்டிவரும்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். டெமோ கணக்கு ஒன்றை வாங்கி, கற்பனையாகப் பத்து நோயாளிகளை உருவாக்குங்கள். ஒருவருக்கு மருந்து ஒவ்வாமை போடுங்கள், இன்னொருவருக்கு ஐந்து தடவை எடுத்த சர்க்கரை அளவைப் போடுங்கள், மூன்றாமவருக்கு ஒரு எக்ஸ்ரே படத்தை ஏற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லி, அந்த மென்பொருளே இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ஒவ்வாமை தனிக் கட்டத்தில் வந்திருக்கிறதா? ஐந்து சர்க்கரை அளவும் தேதியோடு எண்களாக வந்திருக்கின்றனவா, அல்லது மொத்தமும் ஒரே பிடிஎஃப்பாக வந்து நிற்கிறதா? பிடிஎஃப் மட்டும்தான் வருமென்றால், மாறும் நாளில் எல்லாவற்றையும் கையால் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். ஒருவரும் அதைச் செய்யப்போவதில்லை. ஆகவே மாறவும் மாட்டீர்கள். கம்பெனிக்கும் அது தெரியும்.

தரங்களின் பெயர்களையும் கேட்டுவையுங்கள். நோய்களுக்கு ஐசிடி குறியீடு, மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் சிடி, லேப் பரிசோதனைகளுக்கு லாயின்க், தகவல் பரிமாற்றத்துக்கு ஃபயர். ஸ்னோமெட்டுக்கு இந்தியா உறுப்பு நாடு. ஆகவே இங்கே அதைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் கிடையாது. அதற்கென்று தனியாகப் பணம் கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள். இந்தப் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, விற்பவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சொந்த சர்வரா, வாடகை மேகமா

இதைப் பற்றி நீளமாக வாதிட ஒன்றுமில்லை. தனி ஐடி ஆள் இல்லாத கிளினிக்குக்கு நல்ல கம்பெனியின் கிளவுட் சேவைதான் பாதுகாப்பானது. "என் டேட்டா என் கண் முன்னாடி இருக்கணும்" என்று ரிசப்ஷன் மேஜைக்கடியில் சர்வர் வைத்திருப்பவர்கள் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்பதை அவர்கள் ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். தரைத்தளத்தில், தரையை ஒட்டி, நோயாளிகளின் ஒரே பிரதியை வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

கிளவுடுக்குப் போனால் இணையம் அறுந்தாலும் வேலை நடக்க வேண்டும். ஃபைபர் இணைப்பு ஒன்று, அது போனால் உடனே மாற வேறு நிறுவனத்தின் சிம்மோடு ஒரு டாங்கிள். ரவுட்டரையும் ரிசப்ஷன் கணினியையும் பிரின்டரையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் இன்வெர்ட்டர் வைத்துவிட்டு ரவுட்டரை மறந்த கிளினிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சர்வர்கள் இந்தியாவில் இருக்கின்றனவா, தகவல் மறையாக்கம் செய்யப்படுகிறதா, கம்பெனியின் எத்தனை ஊழியர்களால் உங்கள் நோயாளிகளின் பெயரைப் பார்க்க முடியும் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

எந்த முருகேசன்?

கணினிமயமாக்கலில் மிகப் பெரிய ஆபத்து எங்கிருந்து வரும் என்று கேட்டால் பெரும்பாலோர் ஹேக்கரைச் சொல்வார்கள். அன்றாடம் நடக்கும் ஆபத்து வேறு: ஒருவரின் பதிவில் இன்னொருவரின் விவரம் ஏறிவிடுவது. நம் ஊரில் இது நடக்கத் தனிக் காரணங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு மாதிரியில் வடிவமைக்கப்பட்ட மென்பொருள் எதற்கும் அவை தெரியாது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். எஸ். முருகேசன் என்று ஒருநாளும், முருகேசன் எஸ். என்று மறுநாளும் பதிவார். ஆங்கிலத்தில் அடிக்கும்போது ஒரு ரிசப்ஷனிஸ்ட் போடும் எழுத்தை அடுத்தவர் போடமாட்டார். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியலோடு பதிவான பெண், பின்னால் கணவர் இனிஷியலோடு வருவார். கணினிக்கு அவர் புது ஆள். வயது கேட்டால், "அறுபது இருக்கும் சார், அந்தப் புயலடிச்ச வருஷம் பொறந்தேன்" என்பார் தாத்தா. மென்பொருளோ பிறந்த தேதி இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. ரிசப்ஷனில் 01-01 என்று போட்டுத் தள்ளிவிடுவார்கள். சில மாதத்தில் உங்கள் நோயாளிகளில் பாதிப்பேருக்குப் புத்தாண்டன்று பிறந்தநாள்.

செல்போன் எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்றால், ஒரு வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே எண். அதுவும் பல நேரம் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் மகனின் எண்.

இதற்கு வழி, உங்கள் கிளினிக்கே ஒரு எண் கொடுப்பதுதான். அதைச் சிறிய அட்டையில் அச்சடித்துக் கொடுங்கள். அட்டை இல்லாமல் வந்தால் பெயரோடு அப்பா அல்லது கணவர் பெயர், ஊர் அல்லது தெரு, பிறந்த ஆண்டு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் பழைய பதிவைத் திறக்க வேண்டும் என்று விதி வையுங்கள். "முருகேசனா நீங்க?" என்று கேட்கக் கூடாது, காது சரியாகக் கேட்காதவரும் ஆமாம் என்று தலையாட்டுவார். "உங்க பேரு சொல்லுங்கய்யா" என்று கேட்க வேண்டும். பிறந்த தேதி தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் போட்டு, தோராயம் என்று குறிக்க இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தப்பித்தவறி ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழுந்தால் அவற்றை இணைக்கவும், தவறாக இணைத்துவிட்டால் பிரிக்கவும் வசதி வேண்டும். இணைக்கும் வசதி பலரிடம் இருக்கும். பிரிக்கும் வசதியைத்தான் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரே செல்போன் எண் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பரிசோதனை முடிவு தயாரானதும் தானாகக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியை எல்லா மென்பொருளும் பெருமையாகக் காட்டும். மருமகளின் கர்ப்பப் பரிசோதனை முடிவு மாமனார் கையிலிருக்கும் போனுக்குப் போனால் என்ன ஆகும் என்று விற்பவர் யோசித்திருக்கமாட்டார். செய்தியில் "உங்கள் அறிக்கை தயார், கிளினிக்கில் பெற்றுக்கொள்ளவும்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. எச்ஐவி பரிசோதனை, மனநல சிகிச்சை, கருக்கலைப்பு தொடர்பான வருகைகளுக்கு அந்தத் தானியங்கிச் செய்தியையே அணைத்துவிடுங்கள். எச்ஐவி பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இரகசியத்தைச் சட்டக் கடமையாகவே வைத்திருக்கின்றன.

ஆதார் நகலை வாங்கி ஸ்கேன் செய்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். காய்ச்சலுக்கு வந்தவரின் ஆதார் நகல் உங்களுக்கு எதற்கு? தேவையில்லாமல் வைத்திருக்கும் எதுவும் திருடு போகும்போது தேவையில்லாத பொறுப்பாகத் திரும்பி வரும்.

எதில் தொடங்குவது

வழக்கமாக பில்லிங்கில் தொடங்குங்கள் என்பார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. பில்லில் தொடங்கினால் ரிசப்ஷனுக்கு மட்டும்தான் கணினி. மருத்துவர் அறையில் பழைய சீட்டுதான் ஓடிக்கொண்டிருக்கும், வருஷக்கணக்கில். மருந்துச் சீட்டில் தொடங்குங்கள். "போன தடவை ஒரு சின்ன வெள்ளை மாத்திரை குடுத்தீங்களே, அதையே எழுதுங்க டாக்டர்" என்று ஒருவர் சொல்லும்போது அது எந்த மாத்திரை என்று திரையில் தெரிவதுதான் மருத்துவருக்குக் கிடைக்கும் முதல் லாபம். அந்த லாபத்தைக் கண்டுவிட்டால் மீதியை அவரே ஏற்றத் தொடங்குவார்.

முதல் இரண்டு வாரம் டோக்கனைக் குறைத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறையும்தான். குறைக்காமல் தொடங்கியவர்கள், கூட்டம் நெருக்கிய முதல் திங்கட்கிழமையே பேனாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள்; அதோடு மென்பொருளுக்குக் கட்டிய பணமும் போகிறது. திரையை நோயாளிக்கும் உங்களுக்கும் நடுவில் வைக்காதீர்கள். பக்கவாட்டில், அவரும் எட்டிப் பார்க்கும்படி வையுங்கள். தன் எடையும் ரத்த அழுத்தமும் எப்படி ஏறி இறங்கியிருக்கிறது என்று பார்த்த நோயாளி அடுத்த முறை மாத்திரையை ஒழுங்காகப் போடுவதும் உண்டு.

பழைய ஃபைல்கள் முழுவதையும் ஸ்கேன் செய்யக் கூலிக்கு ஆள் வைப்பது வீண். அலமாரியில் இருப்பவர்களில் பலர் திரும்ப வரவே போவதில்லை. யார் வருகிறார்களோ அன்று அவருடைய ஃபைலிலிருந்து ஒவ்வாமை, நாள்பட்ட நோய்கள், இப்போது சாப்பிடும் மருந்துகள், நடந்த அறுவைச் சிகிச்சைகள், கடைசிப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை மட்டும் ஏற்றுங்கள். அதைச் சிஸ்டரோ கம்பவுண்டரோ ஏற்றலாம், ஆனால் நோயாளி எதிரில் இருக்கும்போதே மருத்துவர் ஒரு முறை பார்த்துச் சரி சொல்ல வேண்டும். காகிதத்தை அதற்கான காலம் முடியும்வரை அழிக்காதீர்கள். ஸ்கேன் சென்டர் நடத்துபவர்கள் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின்படி படிவம் எஃப் உள்ளிட்ட ஆவணங்களை 2 ஆண்டுகளும், வழக்கு இருந்தால் அது முடியும்வரையும் வைத்திருக்க வேண்டும். கணினியில் இருக்கிறதே என்று அவற்றைக் கிழித்துவிடாதீர்கள்.

ஒவ்வாமையைப் பதியும்போது மருந்தின் பெயர் மட்டும் போதாது. என்ன நடந்தது என்பதும் வேண்டும். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியதா, வயிறு புரட்டியதா? இரண்டாவது பல நேரம் ஒவ்வாமையே அல்ல. அதை ஒவ்வாமை என்று பதித்துவிட்டால், ஒரு நல்ல மருந்தை அவருக்கு இனி யாரும் எழுதமாட்டார்கள்.

போன முறை எழுதியதை அப்படியே இழுத்துவரும் பொத்தான் ஒன்று எல்லா மென்பொருளிலும் இருக்கும். நேரம் மிச்சமாகும். அதே பொத்தானால்தான், சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவரின் பதிவில் "இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு சீர்" என்று மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை வாசித்தால் போதும், மீதிப் பதிவு முழுவதும் நம்பகம் இழக்கும். மருந்துப் பட்டியலுக்கு அந்தப் பொத்தானை வைத்துக்கொள்ளுங்கள், பரிசோதனைக் குறிப்புக்கு அணைத்துவிடுங்கள். தவறாக எழுதியதைத் திருத்தும்போது பழையது அழியாமல், யார் எப்போது திருத்தினார் என்ற தடத்தோடு நிற்க வேண்டும். தடமில்லாமல் திருத்த விடும் மென்பொருளை வாங்கவே வேண்டாம்.

ஆபா எண்

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கியது. அதற்கு முன் 2020-இல் புதுச்சேரி உள்ளிட்ட யூனியன் பிரதேசங்களில் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளிக்கு 14 இலக்க ஆபா எண், மருத்துவருக்கு ஒரு பதிவேடு, கிளினிக்குக்கு ஒரு பதிவேடு என்று அதன் அமைப்பு. பல மருத்துவர்கள் நினைப்பதுபோல நோயாளிகளின் பதிவெல்லாம் டெல்லியில் ஒரே சர்வரில் போய்ச் சேர்வதில்லை. பதிவு உங்களிடமே இருக்கும். வேறொரு மருத்துவமனை கேட்டு, நோயாளி தன் செயலியில் ஒப்புதல் கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் போகும். ஆபா கட்டாயமல்ல, அது இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ரிசப்ஷனில் மாட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை நோயாளியே ஸ்கேன் செய்து பதிவு செய்துகொள்ளும் வசதி இருக்கிறது. பெயரின் எழுத்துப்பிழைத் தொல்லை அதில் பாதி குறையும். மென்பொருள் இந்தத் திட்டத்தோடு இணைந்ததாக இருந்தால் நல்லது. இணையப்போகிறது என்ற வாக்குறுதிக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

பூட்டு எங்கே

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் வகைத் தாக்குதல் அது. நாட்டின் மிகப் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்றான அங்கே ஓபி பதிவிலிருந்து லேப் முடிவு வரை நாட்கணக்கில் காகிதத்தில் நடந்தது. சிறு கிளினிக்குகள் இதைப் படித்துவிட்டு, "நம்மகிட்ட வந்து என்ன எடுக்கப்போறான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கின்றன. அவர்கள் பார்க்க வேண்டியது பின்லாந்தின் கதை.

வஸ்தாமோ என்ற தனியார் உளவியல் சிகிச்சை நிறுவனம் அங்கே பல கிளைகளோடு நடந்துவந்தது. சரியான கடவுச்சொல் பாதுகாப்பு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த அதன் தரவுத்தளத்திலிருந்து ஆயிரக்கணக்கானோரின் சிகிச்சைக் குறிப்புகள் திருடுபோயின. 2020 செப்டம்பரில் திருடியவன் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டான். கிடைக்காமல் போகவே, நோயாளிகளுக்குத் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பி, காசு தராவிட்டால் உன் இரகசியத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினான். அடுத்த ஆண்டு நிறுவனம் திவாலானது. குற்றவாளிக்கு 2024-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் வெளியே போன குறிப்புகளை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. திருடனுக்கு உங்கள் கிளினிக்கின் அளவு முக்கியமல்ல, உள்ளே எழுதியிருப்பது எவ்வளவு அந்தரங்கமானது என்பதுதான் முக்கியம். மகப்பேறு, மனநலம், தோல்-பால்வினை நோய் பார்க்கும் சிறு கிளினிக்குகள் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சிறு கிளினிக்கின் ஓட்டைகள் பெரும்பாலும் ரிசப்ஷன் மேஜையில் இருக்கின்றன. நான்கு பேருக்கு ஒரே லாகின், அதன் பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டில். கிளினிக் பெயரோடு 123. ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுங்கள். செலவில்லாமல் முடிய வேண்டிய வேலை இது. தனி லாகினுக்கு ஆளுக்கு ஆள் காசு கேட்கும் கம்பெனிகள் இருக்கின்றன, அவர்களிடம் பேரம் பேசுங்கள். ரிசப்ஷனுக்குப் பெயர், டோக்கன், பில் தெரிந்தால் போதும். மருந்தகத்துக்கு மருந்துச் சீட்டு. சிகிச்சைக் குறிப்பு மருத்துவருக்கும் சிஸ்டருக்கும். மருத்துவரின் லாகினுக்கும் நிர்வாகி லாகினுக்கும் செல்போன் சரிபார்ப்பு என்ற இரண்டாவது பூட்டும் கட்டாயம் வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அவர் கடைசிச் சம்பளம் வாங்கும் அன்றே மூடுங்கள். மனக்கசப்போடு போனால் மட்டும் என்றில்லை, கேக் வெட்டி அனுப்பினாலும்தான்.

மென்பொருள் கம்பெனிக்காரர் தூரத்திலிருந்தே சரிசெய்து கொடுக்க எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவியிருப்பார். கடவுச்சொல் கேட்காமலே உள்ளே வரும்படியும் அமைத்திருப்பார், சௌகரியத்துக்காக. அது இராத்திரி முழுவதும் திறந்து கிடக்கும் பின்வாசல். வேலை இருக்கும்போது நீங்கள் திறந்து, முடிந்ததும் நீங்களே மூட வேண்டும். காத்திருப்பவர்களுக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால் அது தனி இணைப்பாக இருக்கட்டும். சிசிடிவி பெட்டியும் கிளினிக் கணினிகளோடு ஒரே வலையில் வேண்டாம். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. அதற்குப் பின்னும் அதே கணினியில் நோயாளிப் பதிவை ஓட்டினால், தெரிந்தே கதவைச் சாத்தாமல் விடுகிறீர்கள் என்று அர்த்தம். புதுக் கணினி வாங்கும்போது கடைக்காரர் போட்டுத்தரும் திருட்டு விண்டோஸும் வேண்டாம்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. "டாக்டர்ஸ் க்ரூப்பில்" பெயரோடு எக்ஸ்ரே போட்டு கருத்துக் கேட்பது எல்லாரும் செய்வது. தடை போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. குறைந்தபட்சம் படத்தின் மூலையில் இருக்கும் பெயர், வயது, எண் ஆகியவற்றை வெட்டிவிட்டு அனுப்புங்கள். எடுத்த படம் தானாக உங்கள் போட்டோ கேலரியில் சேர்ந்து, குடும்பத்தார் பார்க்கும் டிவியில் ஓடாதபடி அந்த அமைப்பையும் அணையுங்கள்.

பேக்அப் என்பது திரும்ப எடுத்துப் பார்த்ததுதான்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. இந்த விதி பழையது, இன்றும் செல்லும். கிளவுடில் இருந்தாலும் வாரம் ஒரு முறை முழுப் பிரதியை வெளியே எடுத்து, மறையாக்கம் செய்த வெளி டிஸ்க்கில் போட்டு, டிஸ்க்கைக் கழற்றி வீட்டு அலமாரியில் பூட்டுங்கள். கணினியிலேயே எப்போதும் செருகிவைத்த டிஸ்க், பணம் பறிக்கும் வைரஸ் வரும் நாளில் கணினியோடு சேர்ந்து பூட்டப்படும்.

பிறகு, பலரும் செய்யாத வேலை ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பிரதியிலிருந்து ஒரு நோயாளியின் பதிவை வேறு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள். கூட்டம் குறைவான ஒரு மாலையில் இணையத்தைப் பிடுங்கிவிட்டு அரைமணி நேரம் ஓபி நடத்தியும் பாருங்கள். அச்சடித்த வெற்றுச் சீட்டுகள் எந்த டிராயரில் இருக்கின்றன, அடுத்த டோக்கன் எண் யாருக்குத் தெரியும், அந்த அரைமணி நேரச் சீட்டுகளைத் திரும்ப ஏற்றும் பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் அப்போதுதான் தெளிவாகும். முதல் தடவை குழப்பமாகத்தான் போகும். உண்மையான தாக்குதல் நாளில் குழம்புவதற்கு இது பரவாயில்லை.

கசிந்தால்

கசிந்தது தெரிந்ததும் கணினியை அணைக்காமல் இணையத்திலிருந்து மட்டும் துண்டியுங்கள். அணைத்தால் தடயம் போகும். பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் திருடன் திறந்துவிடுவான் என்பதற்கு யாரும் ஜாமீன் இல்லை. மத்திய அரசின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு, இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. சைபர் கிரைம் போலீஸில் புகாரும் கொடுங்கள்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. கிளினிக்குகளைத் தொடும் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அதன்பின், கசிவு ஏற்பட்டால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். விரிவான விவரத்தை 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தர வேண்டும். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒரு சிறு கிளினிக்குக்கு அவ்வளவு தீட்டுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்தி மென்பொருள் விற்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். நீங்கள் செய்ததற்கு எழுத்துச் சான்று வைத்திருப்பதே இங்கு முக்கியம். யார் எதைப் பார்த்தார் என்ற தடப் பதிவை ஓராண்டாவது வைத்திருங்கள். ஊழியர்களிடம் இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குங்கள். என்ன தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று தமிழில் அரைப் பக்கம் அச்சடித்து ரிசப்ஷனில் ஒட்டுங்கள், புரிகிற தமிழில்.

பலகையை இறக்கும் நாள்

ஓய்வு பெறுவதும் திடீரென்று இறந்துபோவதும் மருத்துவர்களுக்கும் உண்டு. நிர்வாகி பாஸ்வேர்டு அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், பதிவுகள் இருந்தும் இல்லாத கணக்குதான். அதை எழுதி, மூடிய உறையில், பொறுப்பான ஒருவரிடமோ வங்கி லாக்கரிலோ வையுங்கள். பாஸ்வேர்டை மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்றுங்கள். கிளினிக்கை வேறொருவருக்குக் கைமாற்றினால், மேஜை நாற்காலியோடு பதிவுகளையும் சேர்த்து விலை பேசாதீர்கள். அவை விற்பனைக்கு உரியவை அல்ல. நோயாளிகளுக்கு முன்கூட்டியே அறிவித்து, வேண்டியவர்களுக்குப் பிரதி கொடுத்து, மற்றவற்றைப் புதிய மருத்துவர் பொறுப்பேற்றுக் காக்கிறார் என்று எழுதி வாங்குங்கள். மென்பொருள் சந்தாவை ஒரே நாளில் நிறுத்தாமல், பார்க்க மட்டும் முடிகிற குறைந்த கட்டணத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். முழுப் பிரதியும் உங்கள் கைக்கு வந்து, அது திறக்கிறது என்று உறுதியான பிறகு, தங்களிடம் உள்ளதை அழித்துவிட்டோம் என்ற கடிதத்தைக் கம்பெனியிடமிருந்து பெற்றுக்கொள்ளுங்கள்.

பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் போடும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் அடித்தால் போதும் என்பார் கடைக்காரர், போதாது. டிஸ்க் இல்லாததற்காக அவர் சில நூறு ரூபாய் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும்.